எந்தக் கடவுள்?

துறைமுகத்துக்கு வடக்கே – 23

தாது வருஷப் பஞ்சத்தின்போது சென்னைக் கடற்கரை எப்படி இருந்தது என்பதைச் சென்ற இதழில் பார்த்தோம். ஒரு பக்கம் குவிந்து கிடந்த தானிய மூட்டைகள். சற்று வடக்கே, வடசென்னைக்காரர்கள் இன்றும் கஞ்சித் தொட்டி என்று சொல்கிற மணியக்காரர் சத்திரத்தின் வாசலில் பசித்தவர்களின் வரிசை. அந்தப் பஞ்சம் ஓய்ந்த 1878ஆம் ஆண்டில்தான் இந்த நகரத்தில் சிலர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். சென்னை லௌகீக சங்கம் என்று அதற்குப் பெயர். சாத்திரம், புராணம், சாதி, சோதிடம், பாதிரியாரின் பிரசங்கம் எல்லாவற்றையும் அறிவின் முன்னால் நிறுத்தி விசாரிப்பது அதன் வேலை. 1882 முதல் தமிழில் ‘தத்துவ விவேசினி’, ஆங்கிலத்தில் ‘தி திங்க்கர்’ என்று இரண்டு ஏடுகளை நடத்தியது. 1888 வரை தாக்குப்பிடித்தது. பஞ்சம் பெற்ற பிள்ளை என்று இதைச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் மிகை. அதன் ஒரு வேர் லண்டனில் இருந்தது, இன்னொரு வேர் செங்கல்பட்டுச் சீமையின் நிலத் தகராறுகளில் இருந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்த அந்த ஏடுகளைப் பேராசிரியர் வீ. அரசு தேடித் தொகுத்து, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் 2012இல் பல தொகுதிகளாக வெளியிட்டது. அதன் பிறகும் தமிழ்நாட்டு நாத்திகத்தின் கதையை நாம் பழைய மாதிரியே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் எனக்கு உள்ள குறை.

பழைய மாதிரி என்பது இரண்டே காட்சிகள். ஈரோட்டிலிருந்து வந்த பெரியார் கடவுள் இல்லை என்றார். 1949இல் இராயபுரம் ராபின்சன் பூங்காவில் முதல் பொதுக்கூட்டம் போட்ட தி.மு.க. அந்த ‘இல்லை’யை நீர்க்கச் செய்து, கடைசியில் கோயில் வாசல் வரை கொண்டுபோய் விட்டது. பெரியார் பக்கத்தில் இருப்பவர் இதைத் துரோகம் என்பார், எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் திருந்தியதாகச் சொல்வார். இருவரும் ஒத்துக்கொள்கிற சங்கதி ஒன்று உண்டு: ‘இல்லை’ என்பது உறுதி, ‘தெரியாது’ என்பது தயக்கம். அந்த இடத்தில்தான் எனக்கு மறுப்பு. கடவுள் இல்லை என்பவருக்கும், இருக்கிறதா இல்லையா என்று அறிய வழியில்லை என்பவருக்கும் நடந்த தகராறு துணிச்சலின் அளவைப் பற்றியது அல்ல. கேள்வியில் நிற்கும் கடவுள் எது என்று சொல்லாமலே இரண்டு பேரும் பதில் சொல்லப் புறப்பட்டதால் வளர்ந்த தகராறு அது. இன்ன குணம், இன்ன செயல், இன்ன கட்டளை என்று வரையறுத்த கடவுளைப் பற்றிக் கேட்டால் ‘தெரியாது’ என்பவருக்கு ஒதுங்க இடமில்லை. அந்தக் கட்டளையைச் சோதித்துப் பார்த்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். எந்த வரையறையும் இல்லாத ஒன்றைப் பற்றிக் கேட்டால் ‘இல்லை’ என்பவருக்குக் குறிவைக்க எதுவும் இல்லை. துறைமுகத்துக்கு வடக்கே மூன்று தலைமுறை நடந்த வாதங்களைப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் லண்டன், ஏனென்றால் சங்கத்தின் பெயரே அங்கிருந்து வந்தது. மதத்தை எதிர்ப்பதை விட்டுவிட்டு இவ்வுலக வாழ்வை ஒழுங்குபடுத்துவதைக் கொள்கையாக வைப்போம் என்று 1851இல் செக்யூலரிசம் என்ற பெயரைக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக். தெய்வ நிந்தனைக்காக 1842இல் ஆறு மாதம் சிறையில் இருந்தவர். அப்படிப்பட்டவரே, கடவுள் உண்டா என்ற கேள்வியைத் திறந்தபடி விட்டுவிடலாம், நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்து வேலை செய்யலாம் என்றார். சார்லஸ் பிராட்லா இதை ஏற்கவில்லை. 1866இல் தேசிய செக்யூலர் சங்கத்தைத் தொடங்கிய அவர், இந்தப் பாதையில் நேர்மையாக நடந்தால் நாத்திகத்தில்தான் போய் நிற்க வேண்டும் என்றார். 1870இல் இருவரும் லண்டனில் ஒரே மேடையில் நின்று இதைப் பற்றி வாதிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் டார்வினின் நண்பர் ஹக்ஸ்லி தம் நிலைக்கு அக்னாஸ்டிக் என்று பெயர் சூட்டிக்கொண்டிருந்தார். ஆதாரம் எட்டாத விஷயத்தில் தெரிந்ததாகப் பாவிக்காதே என்பது அவர் கொள்கை. அது கோட்பாடு அல்ல, ஒரு முறை என்று பின்னாளில் விளக்கினார்.

இந்த மூவரில் பிராட்லாதான் கடுமையானவர் என்று பெயர். அவர் எழுதியதைப் பார்த்தால் வேறு விதமாக இருக்கிறது. நாத்திகன் கடவுள் இல்லை என்று அடித்துச் சொல்பவன் அல்ல என்கிறார் அவர். நீங்கள் கடவுள் என்று எதைச் சொல்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை, விளங்காத சொல்லை நான் எப்படி மறுப்பேன், நீங்கள் விளக்கிச் சொல்லும் கடவுளை வேண்டுமானால் மறுத்துக் காட்டுகிறேன் என்பதே அவருடைய நிலை. ஹக்ஸ்லிக்கும் இவருக்கும் இடையே எவ்வளவு தூரம்? வரையறுக்காத கடவுள் விஷயத்தில் ஒருவர் ஆதாரம் இல்லை என்கிறார், மற்றவர் பொருளே இல்லை என்கிறார். வரையறுத்த கடவுள் விஷயத்தில் இருவரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். விவிலியத்தின் அற்புதங்களை ஹக்ஸ்லி ‘தெரியாது’ என்று விட்டுவிடவில்லை, ஒவ்வொன்றாக எடுத்து அலசி மறுத்தார். ஆனால் பிராட்லா 1880இல் நார்தாம்ப்டனில் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகியும் சத்தியப் பிரமாணச் சண்டையில் 1886 வரை முறையாக உட்கார முடியாமல் அலைந்தார். ஹக்ஸ்லிக்கு அப்படி ஒரு அவமானம் நேரவில்லை. சமூகம் அவர்களை வேறுபடுத்தியது கொள்கையின் உள்ளடக்கத்தால் அல்ல, யார் எந்தக் கூட்டத்தில் பேசினார்கள் என்பதால். பிராட்லா பேசியது கூலித் தொழிலாளர்களிடம்.

இனி சென்னை. லௌகீக சங்கத்தார் ஹோலியோக்கின் பெயரை எடுத்துக்கொண்டு பிராட்லாவைத் தலைவராகக் கொண்டாடினார்கள். இந்த முரணை வெளிநாட்டுச் சரக்கை அரைகுறையாக விளங்கிக்கொண்டதன் விளைவு என்று தள்ளிவிட முடியாது. அவர்களுக்கு எதிரே நின்ற கடவுள்கள் அத்தனை பேரும் வரையறுத்த கடவுள்கள். ஒரு பக்கம், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே எஸ்பிளனேடில் இருந்த கிறித்தவக் கல்லூரியும் மிஷன் அச்சகங்களும் பரப்பிய கடவுள். இன்னொரு பக்கம், இன்ன சாதிக்கு இன்ன தொழில், கைம்பெண்ணுக்கு இன்ன கோலம் என்று புராணத்தின் வாயாலும் புரோகிதரின் வாயாலும் உத்தரவு போட்ட கடவுள். இந்த இரண்டு பேரையும் பற்றி ஹோலியோக் மாதிரி வாய்மூடி இருப்பது சங்கத்துக்குச் சாத்தியமே இல்லை. சங்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இந்துமத ஆசார ஆபாச தரிசினி’ 1882இல் வந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1872இல், அவர் எழுதிய இன்னொரு நூல் பாயக்காரிகளுக்கும் மிராசுதாரர்களுக்கும் இருந்த வழக்கைப் பற்றியது. உழுகிறவனுக்கு நிலம் இல்லாமல், உழாதவனுக்குப் பரம்பரை மிராசு எப்படி வந்தது என்பதுதான் அவர் முதலில் கேட்ட கேள்வி. அந்த மிராசுக்கு எந்த ஏட்டைச் சாட்சி காட்டினார்கள் என்று பார்த்தபோது தெய்வம் வந்து குறுக்கே நின்றது. தத்துவத்திலிருந்து நிலத்துக்கு வந்தவர் அல்ல அவர், நிலத்திலிருந்து தத்துவத்துக்குப் போனவர். இந்த வரிசை முக்கியம். ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கும் கடவுளைப் பற்றி, இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்று எவரும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கையெழுத்து உண்மையா போலியா என்பதுதான் அங்கே வழக்கு.

இதற்கு அந்தக் காலத்திலேயே ஒரு மறுப்பு தயாராக இருந்தது. நீங்கள் அடிப்பது மூடர்களின் கடவுளை, எங்கள் கடவுளுக்கு உருவமும் இல்லை, சாதியும் இல்லை என்று சொல்ல ஆள் இருந்தார்கள். 1864இல் கேசவ் சந்திர சென் சென்னைக்கு வந்துபோன பிறகு இங்கே வேத சமாஜம் உருவாகி, பிறகு பிரம்ம சமாஜமாக மாறியது. அதைவிட வலுவான சான்று இந்த மண்ணிலேயே இருந்தது. ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வளர்ந்து, திருவொற்றியூர்த் தியாகராயரைப் பாடி, 1858இல் சென்னையை விட்டுப் போன வள்ளலார் இராமலிங்க அடிகள், கடைசிக் காலத்தில் ஒளியை மட்டும் முன்னிறுத்தி, சாதியையும் சமயத்தையும் சாத்திரத்தையும் குப்பை என்று தள்ளினார். பசித்தவனுக்குச் சோறு போடுவதை வழிபாட்டுக்கு மேலே வைத்தார். அவருடைய கடவுளிடம் நாயகரின் வழக்கு செல்லாது, அந்தக் கடவுள் எந்த மிராசுப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை. பின்னாளில் பெரியாரின் குடி அரசுப் பதிப்பகமே வள்ளலார் பாடல்களைத் திரட்டி வெளியிட்டது என்றால், சுயமரியாதைக்காரர்களுக்கு இந்த வேற்றுமை நன்றாகத் தெரிந்திருந்தது என்றுதான் பொருள். கடவுள் என்ற பெயர் இருப்பதாலேயே அவர்கள் எல்லாவற்றையும் ஒரே தடியால் அடிக்கவில்லை.

ஆனால் வரையறுக்காத கடவுள் எப்போதும் வரையறுக்காமலே இருந்துவிடுமா என்று ஒரு பதில் கேள்வி உண்டு, அது லேசானது அல்ல. அன்னி பெசன்ட் அதற்குச் சாட்சி. 1874 முதல் பிராட்லாவின் தோளோடு தோள் நின்றவர், நாத்திகத்துக்காகவும் குடும்பக் கட்டுப்பாட்டுக்காகவும் நீதிமன்றம் ஏறியவர், லௌகீக சங்கத்தார் பெயர் சொல்லிப் போற்றியவர். அவர் 1889இல் தியோசபிக்குப் போனார். அதன் தலைமையகம் 1882 முதல் அடையாற்றில் இருந்தது. சென்னைச் சீடர்களின் அந்தப் பழைய வழிகாட்டி, 1893இல் இந்தியாவுக்கு வந்தபோது ஆன்மிகத் தலைவராக வந்தார். அவர் திரும்பிப் போனது கிறித்தவக் கடவுளிடம் அல்ல, எல்லா மதங்களுக்கும் அடியில் ஓடுவதாகச் சொல்லப்பட்ட ஒரு பொதுத் தத்துவத்திடம்தான். ஆனால் அந்தப் பொதுத் தத்துவம் சும்மா இருக்கவில்லை. உலக ஆசான் வரப்போகிறார் என்று சொல்லி, ஒரு சிறுவனை அடையாளம் காட்டி, 1911இல் ஒரு சங்கமும் அமைத்தார்கள். அந்தச் சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தி வளர்ந்து 1929இல் அதைக் கலைத்துவிட்டார் என்பது கதையின் நல்ல பகுதி. முகமற்ற ஒன்றுக்கு இருபது ஆண்டுகளில் முகமும் பெயரும் விலாசமும் கிடைத்துவிட்டன என்பது என் வாதத்துக்கு வேண்டிய பகுதி. வள்ளலாரின் வடலூரிலும் பிற்காலத்தில் எப்படி வழிபடுவது என்ற தகராறு வழக்குமன்றம் வரை போகவே செய்தது.

இந்தக் கதவைத்தான் சிங்காரவேலர் அடைக்கப் பார்த்தார். மீனவர் குடும்பத்தில் 1860இல் பிறந்து, வக்கீலாகி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாபோதி சங்கத்தில் பி. லட்சுமி நரசு போன்றவர்களோடு பௌத்தம் பேசியவர். கடவுள் உண்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல், அம்பு தைத்தவனுக்கு முதலில் அம்பைப் பிடுங்கு என்ற புத்தரின் வழி அவருக்குத் தெரியாதது அல்ல. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. ‘தெரியாது’ என்பது வெட்கப்படும் பொருள்முதல்வாதம்தான் என்று ஏங்கல்ஸ் 1892இல் எழுதியதைப் படித்த தலைமுறை அது. 1930களின் தொடக்கத்தில் குடி அரசில் அவர் தொடர்ந்து எழுதிய கட்டுரைகள் புராணக் கடவுளோடு மட்டும் சண்டை போடவில்லை. அண்டம் எப்படி வந்தது, உயிர் எப்படி வந்தது, மனம் என்பது என்ன என்று ஒவ்வொன்றாக எடுத்து, விஞ்ஞானம் போகாத மூலையில் கடவுளைக் குடிவைக்கும் பழக்கத்தையே கண்டித்தார். 1933 இறுதியில் சென்னையில் நடந்த நாத்திகர் மாநாட்டுக்கு அவர்தான் தலைமை. பாரதிதாசன் தம்மை நிரந்தர நாத்திகராக எழுதிக் கையெழுத்திட்டது அங்கேதான். சிங்காரவேலரின் வாதம் இது: மூலையைக் காலியாக விட்டால் நாளை ஒருவர் அதில் பீடம் போடுவார், அதனால் மூலையையும் பெருக்கிவிடு. பெசன்ட் கதையைப் பார்த்தவர்கள் இதை எளிதில் தள்ள முடியாது.

இருந்தாலும் அவருடைய ‘இல்லை’யின் வலுவும் வரையறுத்த கடவுளிடம்தான் வெளிப்பட்டது. வெள்ளம், பூகம்பம், நோய் என்று இன்னின்ன காரியத்தைக் கடவுள் செய்வதாகச் சொன்னவர்களுக்கு அவர் இயற்கைக் காரணம் காட்டினார். எதையும் செய்யாத கடவுளுக்கு எதிராக அவராலும் சான்று காட்ட இயலாது, தேவையில்லை என்றுதான் சொல்ல முடியும். தேவையில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. இதைச் சொன்னால் சிங்காரவேலரைச் சிறுமைப்படுத்துவதாகச் சிலர் நினைக்கலாம். அவருடைய நடைமுறை அதற்குப் பதில் சொல்கிறது. சைவரான திரு.வி.க.வுக்கு டார்வினைக் கற்றுக்கொடுத்தவர் அவர். தொழிற்சங்கத்தில் அந்தச் சைவரோடு கடைசி வரை சேர்ந்து நின்றார். 1927இல் பர்மா ஆயில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பக்கபலமாக நின்றபோது, வேலைநிறுத்தம் செய்தவர்களிடம் அவர் கடவுளைப் பற்றிக் கையெழுத்து வாங்கவில்லை. 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிற்சங்கத்தைத் தொடங்கிய பி.பி. வாடியா அடையாற்றுத் தியோசபிக்காரர் என்பதும் நினைவில் இருக்கட்டும். அந்தச் சங்கம் 1921இல் உடைந்தது எந்தக் கோட்டில்? உண்டு, இல்லை, தெரியாது என்ற கோட்டில் அல்ல. சாதி இந்துத் தொழிலாளர், ஆதிதிராவிடத் தொழிலாளர் என்ற கோட்டில் உடைந்து, புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. கடவுளைப் பற்றிய கருத்து வேற்றுமையைச் சங்கம் தாங்கியது, அந்தக் கடவுளின் பேரில் எழுதிவைத்த ஏணியைத் தாங்க முடியவில்லை.

இப்போது ராபின்சன் பூங்காவுக்கு வரலாம். 1949 செப்டம்பர் 17 அன்று பவளக்காரத் தெருவில் தி.மு.க. பிறந்தது, தொடர்ந்து ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. பிரிவுக்குக் காரணம் பெரியார்–மணியம்மை திருமணத்தைத் தொட்டு எழுந்த கட்சித் தகராறே தவிர, கடவுள் அல்ல. கடவுள் விஷயத்தில் வேறுபாடு மெல்ல மெல்லத்தான் தெளிவானது. குலம் ஒன்று, தெய்வம் ஒன்று என்ற திருமூலர் வாக்கை அண்ணா எடுத்துக்கொண்டார். பிள்ளையாரையும் உடைக்கப் போவதில்லை, பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைக்கப் போவதில்லை என்ற அவருடைய பேச்சு பழமொழி மாதிரி நிலைத்துவிட்டது. இதை எப்படி ‘தெரியாது’ என்ற பக்கத்தில் சேர்ப்பாய், ஒரு தெய்வம் உண்டு என்பது ஆத்திகம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வார்த்தையை மட்டும் பார்த்தால் அது ஆத்திகம்தான். ஆனால் அந்தத் தெய்வத்துக்கு அண்ணா கோயில் சொல்லவில்லை, வேதம் சொல்லவில்லை, புரோகிதர் சொல்லவில்லை, செய்ய வேண்டிய சடங்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தெய்வத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே செய்தி, அது குலங்களைப் பிரிக்காது என்பதுதான். மற்ற எதையும் சொல்லாத இடத்தில், உண்டு என்பவரும் தெரியாது என்பவரும் நடையில் ஒன்றாகிவிடுகிறார்கள். பெரியபுராணத்தையும் கம்பராமாயணத்தையும் பற்றி அவர் முன்பு எழுதியும் பேசியும் வந்ததை அவர் திரும்பப் பெறவும் இல்லை. வரையறுத்த கடவுளிடம் அதே பழைய ‘இல்லை’, வரையறுக்காததிடம் மௌனம்.

அது வெறும் ஓட்டுக்காகச் செய்தது என்பது அடுத்த மறுப்பு. ஓட்டும் காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. 1957 தேர்தலில் நிற்க முடிவுசெய்த கட்சி, தியாகராயர் கோயில் தேருக்கும் இராயபுரம் அர்ச். ராயப்பர் கோயில் திருவிழாவுக்கும் போகிற மக்களிடம்தான் கை ஏந்த வேண்டும். ஆனால் ஓட்டுக்கு நாத்திகம் அவ்வளவு பெரிய தடை என்றால் 1952இல் வண்ணாரப்பேட்டைக்காரர்கள் செய்ததற்கு என்ன விளக்கம்? பகத் சிங் சிறையில் எழுதிய ‘நான் ஏன் நாத்திகன்?’ கட்டுரையைத் தமிழாக்கிச் சிறைக்கும் போன ஜீவாவை அவர்கள் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். கம்பனை மேடைதோறும் கொண்டாடிய ஜீவாவும் அதே ஜீவாதான். நம்பிக்கையுள்ள வாக்காளர் நம்பிக்கையில்லாத வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கு, அவருடைய ‘இல்லை’ தங்கள் வீட்டு விளக்கை அணைக்க வரவில்லை என்ற தெளிவு போதுமானதாக இருந்தது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் சிவப்புக் கொடியும் கறுப்பு–சிவப்புக் கொடியும் கட்டிய சங்கத்துக்காரர்கள் ஆயுத பூசையன்று இயந்திரத்துக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை பங்கிட்டுக்கொள்வதும் இதன் தொடர்ச்சி. இதை முரண் என்று எள்ளுவது எளிது. போனஸுக்கும் வேலை நேரத்துக்கும் அந்தப் பூசையைச் சாட்சிக்கு இழுக்காத வரை, சங்கத் தலைவர் அதில் தலையிட வேண்டிய அவசியம் எழவில்லை.

பெரியார் வேறு வழியில் போனார். 1953 மே மாதம் புத்தர் பிறந்த நாளில் மண் பிள்ளையாரை உடைக்கும் போராட்டம் நடத்தினார். இதுதான் ‘இல்லை’யின் உச்சம் என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த வழக்கு போன பாதை என் வாதத்துக்கு மிகவும் சாதகமானது. பிரதிஷ்டை செய்யாத பொம்மை வெறும் மண்தான், அதை உடைப்பது குற்றமாகாது என்று கீழ்நீதிமன்றங்கள் சொல்லின. 1958இல் உச்சநீதிமன்றம் அதை ஒப்பவில்லை. ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதுகிற எந்தப் பொருளும், பிரதிஷ்டை ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும் என்றது. காலம் கடந்துவிட்டது என்பதால் மேற்கொண்டு நடவடிக்கைக்கு உத்தரவிடாமல் விட்டது. பிள்ளையார் உண்டா என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை. யார் எதைப் புனிதம் என்கிறார்கள் என்பதோடு சட்டம் நின்றுகொண்டது. பெரியாரும் அந்த மண் உருவத்தை உடைத்தது பிரபஞ்சத்துக்கு மூலகாரணம் உண்டா என்ற கேள்விக்கு விடையாக அல்ல. தந்தம், தொந்தி, வாகனம், பிறப்புக்கதை என்று அத்தனையும் வரையறுத்த ஒரு கடவுள் பெயரால் யார் யாருக்கு மேலே உட்கார்ந்தார்கள் என்பதுதான் அவருடைய குறி. 1967இல் அவர் வகுத்த கடவுள் மறுப்பு வாசகமும், கடவுளைக் கற்பித்தவர், பரப்பியவர், வணங்குபவர் என்று மனிதர்களைத்தான் பேசுகிறது. கடவுள் நேரில் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டவருக்கு, வந்தால் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறேன் என்று அவர் பதில் சொன்னதாக வழங்கும் செய்தியும் பிராட்லாவின் வரிசையில்தான் வருகிறது. சான்றுக்குக் கதவு திறந்திருக்கும் ‘இல்லை’ அது.

அப்படியானால் இரண்டும் ஒன்றே, சண்டையே வீண் என்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. வேறுபாடு உண்டு, ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. ‘தெரியாது’ என்பவர் காலியான மூலையை நம்புகிறவர் கையில் விட்டுவைக்கிறார். அதில் வள்ளலாரும் வரலாம், உலக ஆசானும் வரலாம். ‘இல்லை’ என்பவர் அந்த அபாயத்தை மறுக்கிறார், அதற்கு விலையாக வள்ளலாரின் பக்கத்தில் நிற்கும் மக்களிடமிருந்தும் கொஞ்சம் விலகி நிற்க நேர்கிறது. எது சரி என்பதை மூலையைப் பார்த்துச் சொல்ல முடியாது, அந்த ஊரில் அந்தக் காலத்தில் யார் பீடம் போடத் தயாராக நிற்கிறார் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். என் கணிப்பில், 1882இன் சென்னைக்கு நாயகரின் ‘இல்லை’ பொருத்தம். 1950களின் இராயபுரத்துக்கு அண்ணாவின் மௌனம் வேலைக்கு ஆனது. அடையாற்றைக் கண்ணெதிரே பார்த்த சிங்காரவேலருக்குச் சந்தேகம் கொள்ள எல்லா உரிமையும் இருந்தது.

1967இல் ஆட்சிக்கு வந்தபோது அண்ணாவின் அரசு செய்த இரண்டு காரியங்களை வைத்து இதை உரசிப் பார்க்கலாம். புரோகிதரும் மந்திரமும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களுக்கு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. அதுவரை அப்படி நடந்திருந்த திருமணங்களும் சட்டத்துக்குள் வந்தன. 1968இல் அரசு அலுவலகங்களில் கடவுள் படங்கள் கூடாது என்று உத்தரவிட்டது. ஒரு தெய்வம் உண்டு என்று சொன்ன கட்சியின் அரசு இரண்டையும் செய்தது, இல்லை என்று சொன்ன பெரியார் இரண்டையும் வரவேற்றார். திருமணத்திலும் அலுவலகச் சுவரிலும் இருந்தது வரையறுத்த கடவுள், அங்கே இருவருக்கும் பதில் ஒன்றாகவே இருந்தது. அந்தப் புதுச் சட்டப்படி பதிவான திருமணங்களில் கணிசமானவை இந்தப் பகுதியின் ஆலைக் குடியிருப்புகளில் நடந்தவையா, அல்லது இயக்கக் குடும்பங்களோடு நின்றுவிட்டதா என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். அதற்கு முன்னால் அந்த ஆலைகளையே பார்த்தாக வேண்டும். அடுத்த இதழில் பின்னி ஆலை வாசலுக்குப் போவோம்.

(தொடரும்)